டிக்கிக்கு ஒரு ஜன்னல்

அக்ரிலிக் ஷீட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்து, அது நகராமலிருக்க முழங்காலால் அழுத்திக்கொண்டு, அண்ணன் கத்தியை இழுத்துக்கொண்டிருந்தார். பாதிக் கோட்டில் உள்ளறையிலிருந்து "அண்ணே" என்று தம்பியின் குரல் வந்தது. காது போனதிலிருந்து தன் குரல் எவ்வளவு தூரம் போகிறதென்று அவனுக்குத் தெரிவதில்லை. சில நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே கேட்காது. சில நேரம் எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். இன்று காலையிலிருந்து அந்தக் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது.

"இதோ வந்துட்டேன்டா" என்று சொல்ல வாயைத் திறந்த அண்ணன் மூடிக்கொண்டார். அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் எழுந்து போய்க் கண்ணெதிரே நின்று கையை ஆட்ட வேண்டும். எழுந்தால் கோடு கோணிவிடும். கோணினால் வேறு ஷீட் கிடையாது. இந்தக் கனத்தில் இதுதான் கடைசித் துண்டு என்று பெயர்ப்பலகை செய்கிற போர்டு கடைக்காரர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

தம்பி மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். வீட்டையும் ஷெட்டையும் பிரிப்பது அந்த ஒரு படிதான்.

"மாமா, மூச்சு வேற மாதிரி இருக்கு."

"வேற மாதிரின்னா?"

"இழுத்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்காரு. அப்புறம்தான் விடறாரு. டாக்டருக்கு போன் பண்ணினேன். பக்கத்துலயே இருங்கன்னு சொல்றாரு, வேற ஒண்ணும் சொல்லல."

அண்ணன் கத்தியை விடவில்லை. நீ போய் அவன் பக்கத்தில் இரு, நான் சீக்கிரம் முடிக்கிறேன் என்றார். சொன்ன பிறகுதான், எதைச் சீக்கிரம் முடிப்பது, எது யாருக்குக் காத்திருக்கும் என்று தோன்றியது. அவள் உள்ளே போனாள்.

ஷெட்டில் ஒரு பாதி அவருடையது. சீட் கவர் தைக்கிற மெஷின், ரெக்ஸின் சுருள்கள், மூலையில் அடுக்கிய ஃபோம். மறு பாதி தம்பியுடையது. அங்கே ஒயரும் ஸ்பீக்கரும். உள்ளே வருகிற காரில் உட்காருகிற இடமெல்லாம் அண்ணனுக்கு, பாடுகிற இடமெல்லாம் தம்பிக்கு. தெருவில் இருவரையும் சீட்டு, சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சவுண்டு ஒரு வண்டியைச் சோதிக்க ஆரம்பித்தால் கூரைத் தகரம் கிடுகிடுக்கும். மேஜை மேல் வைத்த ஊசி தானாக நகர்ந்து போய்க் கீழே விழும். "உன்னால ஒருநாள் நான் செவிடாகப் போறேன்டா" என்று சீட்டு கத்துவார். கடைசியில் போனதென்னவோ தம்பியின் காது.

நோய்க்குக் கொடுத்த மருந்து நோயை விட்டுவிட்டுக் காதைப் பிடித்துக்கொண்டது. முதலில் இரைச்சல் என்றான். பிறகு பஞ்சு வைத்த மாதிரி இருக்கிறது என்றான். ஒருநாள் காலையில் எழுந்து, மனைவி பேசப் பேச அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, போயிடுச்சு" என்றான். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளே தன் பழைய காரின் டிக்கியிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்ய உட்கார்ந்துவிட்டான். காது கேட்காதவனுக்கு எதற்கடா பெட்டி என்று கேட்க யாருக்கும் மனசு வரவில்லை. அடி அதிரவைக்கிற பெரிய ஸ்பீக்கர்களான ஊஃபர்கள் இரண்டையும் பெட்டிக்கு உள்ளேயே ஒளித்து வைத்து, சத்தம் மட்டும் ஒரு வட்ட ஓட்டை வழியாக வெளியே வருகிற மாதிரியான பெட்டி அது. ஊரே அதிரும் என்றான். கை நடுங்க நடுங்கச் செய்தான். நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போவான், வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவான்.

முடித்த அன்றைக்கு அண்ணனையும் மனைவியையும் டிக்கிக்கு முன்னால் நிறுத்திப் பாட்டைப் போட்டான். "எப்படி இருக்கு?" என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

அடுத்த வீட்டில் யாரோ தலையணையைத் தட்டுவது போலிருந்தது. அதிர்வும் இல்லை, இடியும் இல்லை. அண்ணனுக்குச் சத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் வருஷக்கணக்காக வாங்கின அடி உடம்புக்குத் தெரியும். எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. தம்பியின் கழுத்தெலும்பைப் பார்த்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவர் விரலைப் பார்த்து அவளும் உயர்த்தினாள்.

தம்பி அந்த இரண்டு விரல்களையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "விரல் ஒண்ணு சொல்லுது, மூஞ்சி ஒண்ணு சொல்லுது" என்று சிரித்தான். அன்றிலிருந்து அது அவனை அரித்துக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போது கேட்பான், தூக்கத்திலிருந்து எழுந்து கேட்பான், நிஜமா நல்லா இருக்கா என்று. இவர்கள் விரலைத் தூக்குவார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு அவன் கேட்டது இது ஒன்றைத்தான். "பெட்டி முகப்புல கண்ணாடி ஷீட் போடுண்ணே. நீங்க யாரும் சொல்ல வேணாம். ஊஃபர் எப்படி ஆடுதுன்னு நானே பாத்துக்கறேன். பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

சீட் கவர் தைக்கிறவர் அக்ரிலிக்கை எங்கே கண்டார். முதல் ஷீட்டை ஒழுங்காகத்தான் வெட்டினார். பாதுகாப்புக் காகிதத்தை உரித்தபோது ஓரத்தில் கொஞ்சம் பசை ஒட்டிக்கொண்டிருந்தது. ரெக்ஸினில் பசை ஒட்டினால் என்ன செய்வாரோ அதையே கை செய்தது. துணியில் தின்னரைத் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணெதிரே ஷீட் வெளுத்துப் போனது. ஓரத்திலிருந்து மெல்லிய கீறல்கள் உள்ளே ஓடின. துடைக்கத் துடைக்க மோசமாகி, கடைசியில் அது குளியலறை ஜன்னலுக்குத்தான் ஆகும் போலிருந்தது. போர்டு கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, தின்னர் கிட்டவே போகக்கூடாது, ஓட்டை போடும்போது அழுத்தக்கூடாது, அடியில் பலகை வைக்க வேண்டும், அவசரப்பட்டால் ஷீட் வெடிக்கும் என்று பாடம் நடத்தி இந்த இரண்டாவது துண்டைக் கொடுத்தார். யாருக்காக என்று கேட்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

கோடு ஆழமானதும் ஷீட்டை மேஜை விளிம்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். படக்கென்று நேராக உடைந்தது. பலகை மேல் வைத்து, ஸ்க்ரூக்களுக்கான ஓட்டைகளைப் போட, குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற நிதானத்தில் ட்ரில்லிங் மெஷினை இறக்கினார். வெள்ளைச் சுருள் சுருளாக அக்ரிலிக் வெளியே வந்து கையில் ஒட்டியது. ஒவ்வொரு ஓட்டைக்கும் உள்ளறையிலிருந்து ஒரு மூச்சு கேட்கிறதா என்று நிறுத்திக் காது கொடுத்தார். கேட்டது. அடுத்த ஓட்டைக்குப் போனார்.

ஃபோம் நாடாவை விளிம்பில் ஒட்டுவது மட்டும் அவருக்குத் தெரிந்த வேலை. மூலைகளில் காற்றுப் போகாமல் அறுத்துச் சேர்த்து ஒட்டினார். காகிதத்தை உரித்தார், இந்தத் தடவை பசை ஒட்டவில்லை. டிக்கிக்குள் குனிந்து ஷீட்டைப் பெட்டியின் முகப்பில் பொருத்தி ஸ்க்ரூக்களை முடுக்கினார். உள்ளே பார்த்தார். ஊஃபர்களைத் திருப்பி, முதுகு வெளியே தெரிகிற மாதிரி மாட்டுவது தம்பியின் பழக்கம். பெரிய காந்தங்கள், இரும்புச் சட்டம், அதன் இடுக்கில் சத்தத்துக்கு ஏற்ப ஆடுகிற கூம்பான கறுப்புக் கோன், அதற்குப் போகிற ஒயர் என்று எல்லாமே தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. அழக்கூட நேரமில்லை.

முதலில் நாம் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று தம்பி மனைவியைக் கூப்பிட்டார். அவள் தம்பியின் போனைக் கொண்டுவந்து, அவன் சோதனைக்கு வைத்திருக்கிற சத்தத்தைப் போட்டாள். பாட்டு இல்லை, மெதுவான துடிப்பு மட்டும். கோன் ஆடுவது கண்ணுக்குத் தெரியட்டும் என்பதற்காக வைத்திருப்பது.

இடது கோன் புடைத்தது. அதே நொடியில் வலது கோன் அமுங்கியது. வலது புடைத்தால் இடது அமுங்கியது.

அண்ணன் அப்படியே நின்றார். இது அவருக்குத் தெரியும். புது ஊஃபர் மாட்டும்போதெல்லாம் தம்பி டார்ச் பேட்டரியை ஒயர் முனையில் தொட்டுப் பார்ப்பதை அவர் எத்தனை தடவை பார்த்திருக்கிறார். இரண்டும் ஒரே பக்கம் குதிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இரண்டு ஒயரும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தால் ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்ளும், வெளியே ஒன்றும் வராது என்று யாரோ ஒரு கார்க்காரருக்கு அவன் விளக்கிக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. கற்றுக்குட்டிகூடச் செய்யாத தப்பு. காது இருந்திருந்தால் போட்ட நிமிஷமே கண்டுபிடித்துத் தன்னையே திட்டிக்கொண்டு சரிசெய்திருப்பான்.

"என்ன மாமா?" என்றாள் அவள்.

அவர் சொன்னார். அவளுக்கு முழுசாகப் புரியவில்லை, ஆனால் அவன் பார்த்தால் அவனுக்குப் புரிந்துவிடும் என்பது மட்டும் புரிந்தது.

"மாத்திடுங்க மாமா. அவருக்குத் தெரிய வேணாம். கடைசியா செஞ்சதையும் தப்பா செஞ்சேன்னு நெனச்சுக்கிட்டு அவர் போகக் கூடாது." சொல்லிவிட்டு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். போகக் கூடாது என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அண்ணன் ஸ்க்ரூக்களைக் கழற்றினார். எது சரி, எது தப்பு? ஒயர் எல்லாமே ஒரே கறுப்பு. இத்தனை வருஷத்தில் அவர் தம்பியின் ஒரு ஒயரைக்கூடத் தொட்டதில்லை. தொட்டால் கை ஒடியும் என்பான். கை ஓடாமல் நின்றவருக்குத் தன் தொழில்தான் கைகொடுத்தது. சீட் கவரில் இடது துண்டு வலதில் போயிருந்தால், வலது துண்டு இடதில் போயிருக்கும். இரண்டையும் பிரித்து, இரண்டையும் மாற்றித் தைக்க வேண்டும். அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு ஊஃபரின் ஒயர்களையும் பிடுங்கினார். வேகத்தில் இழுத்ததில் முனையிலிருந்த கிளிப்புகள் கையோடு வந்துவிட்டன. அவற்றை மறுபடி பொருத்துகிற வித்தை தெரியாது. ஒவ்வொரு ஊஃபரிலும் இரண்டு செம்புக் கம்பிகளையும் இடம் மாற்றிச் சுற்றி, மேலே சீட் தைக்கிற நைலான் நூலால் இறுக்கிக் கட்டினார். நான்கு முனைகளிலும் நான்கு முடிச்சு. அந்த முடிச்சு அவிழாது.

மறுபடி ஷீட்டை மாட்டிக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது உள்ளே ஏதோ விழுந்த சத்தம். இருவரும் ஓடினார்கள்.

தம்பி கட்டிலிலிருந்து எழ முயன்றிருக்கிறான். தண்ணீர் டம்ளர் தரையில் கிடந்தது. ஆக்ஸிஜன் மெஷின் தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. "இன்னிக்குப் பாக்காட்டி அவ்வளவுதான்" என்றான். அதைக் கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. கடை மூடுகிற நேரமாகிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னான். கூட்டிப் போங்கள் என்று இரண்டு கையையும் நீட்டினான்.

போட்டுப் பார்க்க நேரமில்லை. அண்ணன் தனியாகவே காரைத் தள்ளி, டிக்கி வாசற்படியைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினார். சக்கரம் வைத்த ஒரு நாற்காலி பழுதுக்கு வந்து கிடந்தது, அதன் மேல் ஃபோமை விரித்தார். தம்பியைத் தூக்கினார். சின்ன வயதில் குளத்திலிருந்து தூக்கி வந்தபோது இதைவிடக் கனமாக இருந்தான். ஆக்ஸிஜன் குழாய் வாசற்படி வரைக்கும்தான் வந்தது. அதற்குச் சரியாக நாற்காலியை நிறுத்தினார்கள்.

அவன் டிக்கியைப் பார்த்தான். கண்ணாடி போல மின்னிய ஷீட்டைப் பார்த்து, அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "தின்னர் போட்டுத் தொடைக்கல இல்ல?" என்றான். முதல் ஷீட் போன கதையை மனைவி கைஜாடையில் நடித்துக் காட்டியிருந்தாள். அண்ணன் சிரித்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகப் போகிற மாதிரி இருந்தது.

அவள் போனைத் தட்டினாள்.

இடது புடைத்தது. வலது அமுங்கியது.

அண்ணன் தப்பாகப் பார்க்கிறோமோ என்று குனிந்து பார்த்தார். வலது புடைத்தது, இடது அமுங்கியது. அத்தனை பாடுபட்டும் பழையபடியேதான் இருந்தது. ஓடிப்போய் டிக்கியை அறைந்து மூடிவிடலாமா என்று நினைத்தார். மூடினால் மட்டும் பார்த்தது பார்க்காததாகிவிடுமா.

தம்பி முன்னால் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் கோன்களைப் பார்த்தான். பிறகு அவன் கண் கீழே இறங்கி, ஒயர்கள் போய்ச் சேருகிற இடத்தில் நின்றது. இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். ஜன்னல் வைத்தால் எல்லாம்தான் தெரியும் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ரெண்டுலயும் உன் நூலு" என்றான் தம்பி.

அவள் போனைத் தட்டிச் சத்தத்தை நிறுத்தினாள்.

"நான் தப்பா மாட்டியிருக்கேன். நீ பாத்துட்ட." மூச்சு வாங்கினான், நிறுத்தினான், விட்டான். "எனக்குத் தெரியாம மாத்தியிருக்க. ரெண்டையும் மாத்தினா மாத்தாத மாதிரிதாண்ணே. ஒண்ணை மட்டும்தான் மாத்தணும்."

அண்ணன் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை, கேட்க வேண்டியவனுக்குக் காதும் இல்லை. தம்பி அவர் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்தான்.

"அப்ப, நல்லால்ல. அன்னிக்கும் நல்லால்ல."

அண்ணனின் வலது கை பாதி தூரம் மேலே வந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் நீண்டது. அவர் அதை மடக்கிக்கொண்டார். இல்லை என்று தலையை ஆட்டினார். ஒரு தடவை ஆட்டியதும் நிறுத்த முடியவில்லை, இல்லை இல்லை என்று ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து சொட்டியது.

தம்பி நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். அவன் முகத்தில் இத்தனை மாதமாக இருந்த ஒரு இறுக்கம் விட்டுப்போனதைப் பார்த்தார்.

"நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு ரெண்டு பேரும் வெரலைத் தூக்கறப்பல்லாம், நான் அப்பவே போய்ச் சேந்துட்ட மாதிரி இருந்துச்சுண்ணே. உசுரோட இருக்கறவன்கிட்டதான திட்டுவீங்க."

தம்பி மனைவி திரும்பிக்கொண்டு கதவுச் சட்டத்தில் நெற்றியை வைத்தாள்.

"மாத்து" என்றான். "ஒண்ணை."

எது என்று அண்ணன் இரண்டு பக்கமும் விரலை நீட்டிக் கேட்டார்.

"எதை வேணாலும். ஒண்ணு."

அண்ணன் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு டிக்கிக்குள் தலையைக் கொடுத்தார். ஸ்க்ரூக்கள் இந்தத் தடவை வேண்டுமென்றே வழுக்கின. ஒன்றின் தலை தேய்ந்துவிட்டது. அதை இடுக்கியால் கடித்துத் திருகினார். ஷீட்டைக் கழற்றி ஸ்டெப்னி மேல் வைத்துவிட்டு வலது ஊஃபரின் முடிச்சுகளைத் தேடினார். தன் முடிச்சைத் தானே அவிழ்க்க முடியவில்லை. கத்தி எங்கே என்று கேட்டார், அவள் ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். முதுகுக்குப் பின்னால் மூச்சு இழுத்தது, நின்றது. அவரும் நிறுத்தினார். விட்டது. நூலை அறுத்தார். கம்பியை மாற்றிச் சுற்றினார். விரல் நுனியில் செம்பு குத்தி இரத்தம் வந்தது, அது ஒயரிலும் ஷீட்டின் ஓரத்திலும் பட்டது. இழுத்தது, நின்றது, விட்டது. இருடா, இருடா, இதோ இதோ என்று சொல்லிக்கொண்டே கட்டினார். இந்த வீட்டில் வாயால் பேசி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தும் வாய் நிற்கவில்லை. ஷீட்டைத் தூக்கி வைத்து ஸ்க்ரூக்களை முடுக்கியபோது ஒரு மூலை சடக்கென்று விரிசல் விட்டது. விட்டால் விடட்டும். மீதியையும் முடுக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மூச்சுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இழுக்கிற நேரம் குறைந்தும் நிற்கிற நேரம் கூடியும் வந்தது.

"போடும்மா" என்று கத்தினார்.

அவள் போட்டாள். பதற்றத்தில் சோதனைச் சத்தத்துக்குப் பதிலாகப் பாட்டின் மேல் விரல் பட்டுவிட்டது.

முதல் அடியிலேயே அவர் பின்னால் ஒரு எட்டு வைத்தார். டிக்கிக் கதவு உதறியது, நம்பர் பிளேட் கடகடத்தது, தூசு மேலேயிருந்து கொட்டியது. நெஞ்சுக்கூட்டை யாரோ உள்ளேயிருந்து தட்டினார்கள். எதிர்வீட்டில் ஜன்னலைத் திறந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கோன்களும் சேர்ந்து வெளியே வந்தன, சேர்ந்து உள்ளே போயின. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி செய்த பெட்டி. காது கேட்காமல், கை நடுங்கிக்கொண்டு, செத்துக்கொண்டே செய்த பெட்டி. என்ன ஒரு சத்தம் இது, படுபாவி, என்ன ஒரு சத்தம்.

"வந்துடுச்சுடா" என்று திரும்பினார்.

தம்பியின் தலை தோளில் சாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. மடியில் கைகள் மல்லாந்து கிடந்தன. அண்ணன் அவன் மூக்குக்கு முன்னால் விரலை வைத்தார். குழாயிலிருந்து வருகிற காற்றுதான் பட்டது. மார்பில் கை வைத்தார். மார்பு அதிர்ந்தது. நாற்காலியும் அதிர்ந்தது, தரையும் அதிர்ந்தது, எது அவனுடையதென்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இந்த இரைச்சலில் அந்த மூச்சு எப்போது விட்டது, விட்டதா, இழுத்தபடியே நின்றுவிட்டதா என்று அவர் காதுக்கு எட்டவே இல்லை.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுதது தெரிந்தது, கேட்கவில்லை. அவர் குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்த வேண்டியிருந்தது.

"பாத்தானாம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் கோணியது.

"நானும் கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் மாமா."

எதிர்வீட்டுக்காரர் என்ன இரைச்சல் என்று கேட்க வந்தவர், தெருக் கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டார். உள்ளே வரலாமா என்று தயங்கி, அங்கிருந்தே, அதை நிறுத்தும்படி கையால் சைகை காட்டினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனை எடுக்கவில்லை. அண்ணனும் எடுக்கவில்லை.

அண்ணன் நாற்காலியைப் பார்த்தார். வேலை செய்ய இடம் வேண்டுமென்று அவரேதான் அதை ஓரமாகத் தள்ளியிருந்தார். திரும்ப இழுத்து நேராக வைக்க மறந்துவிட்டார். அவர் அதன் பக்கத்தில் தரையில் குந்தி, தன் தலையைத் தம்பியின் தலை உயரத்துக்குக் கொண்டுவந்து டிக்கியைப் பார்த்தார். வாசல் வெளிச்சம் பட்டு ஷீட் பளபளத்தது. அதில் நாற்காலியும் தரையில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளும்தான் தெரிந்தார்கள். உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தார். வெளிச்சம் விலகி, இரண்டு கோன்களும் ஒன்றாக ஆடுவது தெரிந்தது.

தம்பியின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். இடது பக்கம்தான். அவர் மறுபடி தன் தலையை அதே மாதிரி சாய்த்து, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.